எங்கள் முதலாளியைப் பற்றி அப்பாவுக்கு

ஒன்ராறியோ, கனடா

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் இவரும் பிள்ளைகளும் நலம். உங்களதும் அம்மாவினதும் நலமறிய ஆவல். இந்த விடயத்தைத் தொலைபேசியில் சொல்ல முடியாது. நீங்கள் கடைச் சந்தடிக்கு நடுவில் நின்று "சனம் நிற்கிறது பிள்ளை, பிறகு எடு" என்று சொல்லிவிடுவீர்கள். இரவு கடையைப் பூட்டியபின் ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

எங்கள் முதலாளி காலமாகிவிட்டார். எண்பத்து மூன்று வயது. படுக்கையில் விழுவதற்கு முதல் கிழமைகூட விடியுமுன் வந்து சூப் பானையை அடுப்பில் ஏற்றிய மனிதர்.

நான் சாப்பாட்டுக்கடையில் வேலைக்குச் சேர்ந்தது உங்களுக்கு மனம் ஒப்பாத காரியம் என்று எனக்குத் தெரியும். மாங்குளம் சந்தியில் லொறிக்காரரும் பஸ்காரரும் வந்துபோகும் கடை உங்களுடையது. நான் முன்பக்கம் வந்தாலே "உள்ளே போ" என்பீர்கள். ஆகவே என்னை வேலைக்கு வைத்திருந்தவர் எப்படிப்பட்டவர் என்று நீங்கள் முழுதாக அறிய வேண்டும். நீங்களும் கடைக்காரர். வேறு யாரையும்விட உங்களுக்குத்தான் அது விளங்கும்.

இந்த ஊர் சாத்தம் நகரத்திலிருந்து அரை மணி நேர ஓட்டம். ஒரு பிரதான வீதி, ஒரு தபால் கந்தோர், இரண்டு தேவாலயங்கள், பிள்ளைகள் ஐஸ் ஹொக்கி விளையாடும் ஒரு மண்டபம், அவ்வளவுதான். சுற்றிவரத் தட்டையான வயல்கள். சோளம், சோயா, தக்காளி, சீனி எடுக்கும் பீட்ரூட் எல்லாம் விளைகின்றன. மாரியில் பனி கொட்டினால் அவ்வளவும் மூடிப்போகும். பல நாட்கள் மண்ணைக் காணமுடியாது. வந்த புதிதில் எனக்கு அதுதான் பெரிய துக்கமாக இருந்தது.

கடை காலை ஆறு மணிக்குத் திறக்கும். திறந்தவுடன் வருபவர்கள் கமக்காரர்கள். முட்டை, பொரித்த உருளைக்கிழங்கு, கோப்பி. கதவோரத்து நீள மேசை அவர்களுடையது. மழை, பசளை விலை, யாருடைய உழவு இயந்திரம் பழுது என்று எல்லாம் அங்கே பேசப்படும். காசுப்பெட்டிக்குக் கீழ் லாச்சியில் ஒரு கொப்பி இருக்கிறது அப்பா. முதன்முதலில் அதைக் கண்டபோது என் நெஞ்சு நின்றுவிட்டது. பெயரும் தொகையும் மட்டும் எழுதிய கடன் கொப்பி. அறுவடை முடிந்து தொழிற்சாலைக்காரர் காசு கொடுத்தபின் அவர்கள் வந்து கட்டுவார்கள். நீங்கள் காலபோக நெல் வெட்டும்வரை பொறுத்திருப்பதைப் போலத்தான் அவரும் பொறுத்திருந்தார்.

அவர் கிரேக்கர். இந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் கிரேக்கர்கள் சாப்பாட்டுக்கடை நடத்துவது பழைய வழக்கம். சாம் பனோபுலோஸ் என்ற கிரேக்கர் தம் சகோதரர்களோடு சாத்தத்தில் சாட்டலைட் என்றொரு கடை நடத்தினார். பீட்சாவின்மேல் அன்னாசித் துண்டு போடுவதை 1962 இல் தொடங்கியது அந்தக் கடைதான். அன்னாசி வந்த தகரத்தில் ஹவாயன் என்று இருந்ததால் பீட்சாவுக்கும் அதே பெயர். தம்பி கொழும்பில் சாப்பிட்டுவிட்டுப் படம் அனுப்பினானே, அது இந்த மண்ணில் பிறந்தது. பனோபுலோஸ் 2017 இல் காலமானார். ஒரு சின்ன ஊர்க் கடைக்காரன் செய்த பண்டம் உலகமெல்லாம் போயிருக்கிறது என்று எங்கள் முதலாளி வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். எனக்கும் அந்தப் பெருமை ஒட்டிக்கொண்டது.

அவருடைய சொந்த ஊர் பெலொப்பொனீஸ் மலையில் இருக்கிறது. 1946 முதல் 1949 வரை அங்கே உள்நாட்டுப் போர். மலை ஊர்களிலிருந்து சனத்தைக் கிளப்பினார்கள். அப்போது அவர் சிறு பிள்ளை. பத்தொன்பது வயதில் கப்பலேறி ஹலிபாக்ஸில் பியர் 21 என்ற துறைமுகக் கொட்டகையில் இறங்கினார். 1928 முதல் 1971 வரை கப்பலில் குடியேற வந்தவர்களில் பலருக்கு அதுதான் வாசல். இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. உறவினர் ஒருவரின் கடையில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு இந்தக் கடையை வாங்கினார்.

என்னையும் கோப்பை கழுவத்தான் எடுத்தார். ஒருநாள் ஆளில்லாமல் நான் வெங்காயம் வெட்டியதைப் பார்த்துவிட்டு, மறுநாளே அடுப்படிக்கு மாற்றினார். "யாரிடம் பழகினாய்?" என்று கேட்டார். அப்பாவிடம் என்றேன். அன்றிலிருந்து உங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பார். 2022 இல் எரிவாயு சிலிண்டர் கிடைக்காமல் அங்கே கடைகள் பூட்டிக் கிடந்தபோது நீங்கள் பின்வளவில் விறகடுப்பு மூட்டிச் சோறு போட்டீர்கள் அல்லவா, அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக் குசினிச் சுவரில் ஒட்டினார். இன்றும் அது அங்கே இருக்கிறது.

போரைப் பற்றி அவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. ஒரு வருடம் மே 18 இல் நான் விடுப்புக் கேட்டபோது மட்டும் என்ன நாள் என்றார். சொன்னேன். முள்ளிவாய்க்காலைச் சொன்னேன். கடை அண்டாவை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி விசுவமடுவுக்கும் பிறகு புதுக்குடியிருப்புக்கும் கொண்டுபோய், அரிசியும் தண்ணீரும் உப்புமாக நீங்கள் கஞ்சி காய்ச்சி ஊற்றியதைச் சொன்னேன். தேங்காய் கிடைத்த நாளில் பால் விட்டீர்கள். கிடைக்காத நாளில் வெறும் கஞ்சி. வரிசை முடிந்தபின் பானையை வழித்துத்தான் எங்களுக்குத் தந்தீர்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேசாமல் உள்ளே போனார். அடுத்த வருடம் அந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக வந்து, "அந்தக் கஞ்சியை இங்கேயே வை" என்றார். வைத்தேன். ஏப்ரனைக் கழற்றிவிட்டு நின்றபடியே ஒரு கோப்பை குடித்தார். ஜெர்மன்காரர் கிரேக்கத்தைப் பிடித்திருந்த காலத்துப் பஞ்சத்தில் தம் தாய் மலையில் கீரை பிடுங்கி உப்புப் போட்டு அவித்துக் கொடுத்து பிள்ளைகளைக் காப்பாற்றினாராம். அன்றுதான் அதைச் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மே மாதமும் எங்கள் அடுப்பில் கஞ்சி இருந்தது. கமக்காரர்களும் வாங்கிக் குடித்தார்கள்.

கோடையில் வயல் வேலைக்கு ஜமேக்காவிலிருந்தும் மெக்சிக்கோவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். 1966 இல் ஜமேக்காவோடு தொடங்கிய அரசாங்க ஏற்பாடு இது. 1974 இல் மெக்சிக்கோவும் சேர்ந்தது. மாதக்கணக்கில் பெண்சாதி பிள்ளைகளைப் பிரிந்து இருப்பவர்கள். அவர்களுக்காகவே வெள்ளி இரவில் சோறு சமைக்க வேண்டும் என்றார். அங்கேதான் என் ஆட்டுக்கறி உள்ளே நுழைந்தது. வறுத்த கறித்தூள் வாசம் வீதிவரை போகும். அவர்கள் நல்ல உறைப்புக் கேட்பார்கள். அவருக்கு உறைப்பு ஒத்துவராது, ஆனாலும் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் வெளியே விடுவார்.

2020 மார்ச்சில் நோய்த்தொற்றால் உள்ளே இருந்து சாப்பிடக்கூடாது என்று சட்டம் வந்தது. அவர் ஒருவரையும் வேலையிலிருந்து நிற்பாட்டவில்லை. தனியே இருக்கும் முதியவர்களின் பெயரை எழுதச் சொல்லி, சூப்பும் பாணும் கட்டி வீட்டு வாசலில் வைக்கச் செய்தார். நத்தார் அன்று போக இடமில்லாதவர்களுக்குக் கடையில் சாப்பாடு. ஊர்ப் பிள்ளைகளின் ஹொக்கி அணிக்குச் சட்டை வாங்கிக் கொடுப்பார். சுவர் முழுவதும் அந்த அணிகளின் படங்கள். பழைய படத்தில் பல் விழுந்து நிற்கும் பையன் இப்போது பேரப்பிள்ளையோடு வந்து சாப்பிடுகிறார்.

இவ்வளவு செய்தும் வீட்டை விட்டுக்கொடுக்கவில்லை. ஞாயிறு மதியத்தோடு கடை பூட்டு. எத்தனை பேர் வந்து கதவைத் தட்டினாலும் திறக்கமாட்டார். மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகளோடு கோப்பை கழுவுபவரும் நாங்களும் ஒரே மேசையில் இருப்போம். முதலாளி அம்மாதான் முதலில் உணவைத் தொட வேண்டும். எங்கள் சின்னவள் அவரைத் தாத்தா என்றே கூப்பிட்டாள்.

செத்தவீட்டன்று ஊரில் வேறு எந்தக் கடையும் திறக்கவில்லை. பூசை ஒன்ராறியோவிலேயே இருக்கும் லண்டன் நகரத்துக் கிரேக்கத் தேவாலயத்தில் நடந்தது. கோதுமையை அவித்துச் சீனியும் பாதாமும் மாதுளை முத்தும் கலந்து இறந்தவருக்காகப் படைப்பார்கள். கோதுமையை நான் அவித்தேன். அதை வெளியாளிடம் கொடுக்கக் கூடாது, நீதான் செய்ய வேண்டும் என்று முதலாளி அம்மா சொல்லிவிட்டார்.

எங்களுக்கு அந்தியேட்டி போல அவர்களுக்கு நாற்பதாம் நாள். அது முடிந்த அன்று முதலாளி அம்மா என்னையும் இவரையும் கூப்பிட்டு இருத்தினார். மகள் ரொறன்ரோவில் ஆசிரியை, மகன் வின்சரில். இருவரும் கடைக்கு வரமாட்டார்கள். கடையை எங்களை வாடகைக்கு எடுத்து நடத்தச் சொல்கிறார்கள். சரியாகப் போனால் சிறிது சிறிதாகக் காசு கொடுத்து எழுதி எடுக்கலாம். இவருக்குச் சம்மதம். ஸ்காபரோவில் இருக்கும் மாமாதான் கோபிக்கிறார். தமிழன் இல்லாத ஊரில் என்ன கடை, இங்கே வாருங்கள் என்கிறார். மாமா சொல்வது அக்கறையில்தான். ஆனால் அந்த நீள மேசைக்காரர்கள் விடியற்காலையில் எங்கே போவார்கள் அப்பா? வெள்ளிக்கிழமை அந்தப் பொடியன்களுக்கு யார் சோறு போடுவது? எனக்கு இதை விட்டுவிட்டுப் போக மனமில்லை. முன்பக்கத்தில், காசுப்பெட்டியடியில் நிற்க எனக்கு உங்கள் சம்மதம் வேண்டும்.

இன்னும் இரண்டு விடயம். கொப்பியில் பழைய கடன் கொஞ்சம் இருக்கிறது. அறுவடை முடிந்தும் தராதவரிடம் நீங்கள் எப்படிக் கேட்பீர்கள்? கடையில் வைத்து ஒருவரையும் நீங்கள் கேட்டு நான் கண்டதில்லை. வீட்டுக்குப் போவீர்களா, ஆளனுப்புவீர்களா? மற்றது, கறித்தூள். அம்மாவைக் கேட்டால் கண்ணளவு என்கிறார். ஒரு கிலோ செத்தல் மிளகாய்க்கு மல்லி எவ்வளவு, பெருஞ்சீரகம் எவ்வளவு, எதை முதலில் வறுப்பது என்று உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். வாடகை ஒப்பந்தம் அடுத்த மாதம் எழுதுகிறார்கள், அதற்கு முன் பதில் கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்