புழுவோடு செடியையும் வரையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சிறுவர் பகுதியில் சென்ற வாரம் வெளியான பட்டாம்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சிப் படத்தில் முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி நான்கும் அம்புக்குறிகளோடு வட்டமாக நிற்கின்றன. புழு தின்று வளரும் செடியைத்தான் காணோம். தங்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஓவிய ஆசிரியராக இருந்த காலம் முழுவதும் நானும் கரும்பலகையில் இப்படித்தான் வரைந்தேன்.

1647இல் பிராங்க்பர்ட்டில் பிறந்த மரியா சிபில்லா மெரியன் என்ற ஓவியர் இந்தத் தவற்றைச் செய்யவில்லை. பூச்சிகள் சேற்றிலும் அழுகலிலும் தாமாகவே தோன்றுகின்றன என்று பலரும் நம்பிய காலத்தில், 13 வயதிலேயே பட்டுப்புழு வளர்த்துக் கவனிக்கத் தொடங்கிய அவர், 1679இல் வெளியிட்ட நூலின் 50 படங்களில் பூச்சியின் பருவங்களைச் செடிகளோடு சேர்த்தே வரைந்தார். 1699இல், 52 வயதில், இளைய மகளுடன் கப்பலேறித் தென் அமெரிக்காவின் சுரினாமுக்குச் சென்று, உடல்நலம் கெட்டு 1701இல் திரும்பினார். அங்கே கண்டவை 1705இல் ஆம்ஸ்டர்டாமில் 60 படங்களாக அச்சேறின.

அவற்றில் ஒன்று, நம் வீட்டு வாசல்களிலும் கோயில் நந்தவனங்களிலும் பூக்கும் மயில்கொன்றை. இதழோரம் மஞ்சள் படர்ந்த செந்நிறப் பூங்கொத்தும், அதன்மேல் பச்சைப் புழுவும், அந்துப்பூச்சியும் கொண்ட அந்தப் படத்தை அழகுக்காக மாட்டி வைப்பவர்கள் உண்டு. ஆனால், தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாகப் பிறந்துவிடக் கூடாதென்று அங்கிருந்த அடிமைப் பெண்கள் அதன் விதையைத் தின்று கருவைக் கலைத்ததை, அவர்கள் வாயாலேயே கேட்டதாக மெரியன் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறார். பிறப்பைப் பற்றிய நூலில் பிறக்கவிடாமல் தடுத்த செடியையும் மறைக்காமல் சேர்த்த அந்த நேர்மையை நான் அவருடைய கைத்திறனைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

அடுத்த முறை படம் போடும்போது நடுவில் ஒரு கறிவேப்பிலைக் கொத்தையாவது வரையச் சொல்லுங்கள். அதில் பறவை எச்சம்போல ஒட்டிக்கொண்டிருக்கும் இளம்புழு நான்கு முறை தோலுரித்துப் பச்சையாகும். எங்கள் வீட்டுத் தொட்டியில் இப்போது மூன்று இருக்கின்றன, குழம்புக்கு இலை பறிப்பவர்தான் அவற்றை இன்னும் மன்னிக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.