பரோல் மறுப்பு ஆணையில் காரணத்தை எழுதுங்கள், தமிழில் கொடுங்கள்

கேரள உள்துறைச் செயலாளர், சிறைத்துறைத் தலைவர், மாநில சட்டப்பணி ஆணைக்குழு ஆகியோருக்கு,

வணக்கம். தேவிகுளம் தாலுக்காவிலிருந்து எழுதுகிறேன். தோட்டத்து லயங்களில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) பிறந்து, தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தண்டனைக் கைதிகளுக்காக இந்த மடல்.

பரோல் கேட்டவுடன் கொடுத்தாக வேண்டிய உரிமை அல்ல, சரி. பாதிக்கப்பட்ட குடும்பம் அதே ஊரில் இருந்தால் அவர்களுடைய பயத்தையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் மனுவை நேர்மையாகப் பரிசீலிக்கக் கேட்பது கைதியின் உரிமை. குற்றத்தின் தன்மையை மட்டும் காட்டி பரோலை அடியோடு மறுக்கக் கூடாது என்று 2017-இல் அஸ்பாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மறுப்பை எதிர்த்து, அரசியல் சாசனத்தின் 226-ஆவது பிரிவின்படி எர்ணாகுளத்தில் உள்ள உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். 'போலீஸ் ரிப்போர்ட் சாதகமாக இல்லை' என்று ஒரே வரியில் ஆணை இருந்தால், அங்கே போய் எதை மறுத்து வாதாடுவது? ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்றே தெரியாதவன் அதற்குப் பதில் சொல்ல முடியாது. வழக்குப் போட்ட பிறகு அரசுத் தரப்பு புதுக் காரணங்களைக் கொண்டுவருவதும் நியாயமில்லை. ஆணையில் இல்லாத காரணத்தைப் பின்னால் பிரமாணப் பத்திரத்தில் சேர்த்து அந்த ஆணையைத் தாங்கிப்பிடிக்க முடியாது என்பது மொகிந்தர் சிங் கில் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்ன சட்டம்.

அப்புறம், மொழி. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அதே மொழியில் தரப்பட வேண்டும் என்கிறது 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம். சிறைக்குள் போனதால் ஒருவன் அந்தச் சிறுபான்மையில் இல்லாமல் போய்விடுவதில்லை. தமிழில் வந்த பரோல் மனுவுக்குத் தமிழிலேயே ஆணை கொடுங்கள்.

சட்டப்பணி ஆணைக்குழுவிடம் ஒன்று கேட்கிறேன். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணி ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தருகிறது. மறுப்பு ஆணை கைதியின் கைக்கு வரும் அன்றே, தமிழ் தெரிந்த வக்கீல் ஒருவருக்கும் அதன் நகல் போகட்டும். தங்கை கல்யாணத்துக்குக் கேட்ட பரோல் வழக்கில், கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து ஜெயித்து என்ன பயன்?

ஆணையோடு போலீஸ் ரிப்போர்ட், நன்னடத்தை அலுவலரின் ரிப்போர்ட் இரண்டின் நகலையும் கொடுங்கள். பரோலுக்கு எதிர்ப்புத் தெரிவித்தவர்களின் பெயரை வேண்டுமானால் மறைத்துவிடுங்கள். இதற்கான சுற்றறிக்கையை எல்லாச் சிறைகளுக்கும் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தேவிகுளம் தாலுக்காவைச் சேர்ந்த ஒரு தமிழர்