ஜனவரியில் திருவையாறு வருகிறாயா, பாப்பா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். தெலுங்கில் கீர்த்தனை பாடிய தியாகராஜரின் நினைவாகத் திருவையாற்றில் நடக்கும் ஆராதனைக்கு நாங்கள் போகும் டூரைப் பற்றி நீ வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு அப்பா "வந்தால் சந்தோஷம்" என்று ஒரு வரியோடு முடித்துவிட்டார். எனக்கு ஒரு வரி போதாது. கச்சேரி எல்லாம் யூடியூபிலேயே கிடைக்கிறது, அப்படியே போவதென்றாலும் திருச்சியில் இறங்கி ஒரு காரைப் பிடித்து நாமே சுற்றலாமே, எதற்கு முன்பின் தெரியாதவர்களோடு பஸ்ஸில் ஏறி இறங்க வேண்டும், அதுவும் புரியாத தெலுங்குப் பாட்டுக்காக என்று கேட்டிருந்தாய். மூன்றுக்கும் பதில் இருக்கிறது. வேலை முடிந்து ரயிலில் வரும்போது நிதானமாகப் படி.

முதலில் தேதி. தியாகராஜ ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியில், அதாவது புஷ்ய மாதப் பௌர்ணமிக்குப் பின் ஐந்தாம் நாள் வரும், 1847-இல் அவர் சமாதியான திதி அது. சில வருடம் தைப்பூசத்துக்கு மூன்று வாரம் முந்திவிடும், அப்போது விரதமும் தண்ணீர்ப்பந்தல் வேலையும் இருக்கும்போது என்னால் பினாங்கை விட்டு நகரவே முடியாது. இந்த முறை பூசம் முடிந்து ஐந்தாம் நாள் பஞ்சமி. தண்ணீர்மலை முருகன் கோயிலிலிருந்து தேர் திரும்பியதும் பந்தலைப் பிரித்துப் போட்டுவிட்டு மறுநாள் கேஎல் (கோலாலம்பூர்), அங்கிருந்து திருச்சி விமானம். நீ மெல்பர்னிலிருந்து கேஎல் வந்து சேர்ந்துகொள்ளலாம். பூசத்துக்கே வந்துவிட்டால் இன்னும் நல்லது, பந்தலில் கைக்கு ஆள் வேண்டும்.

டூர் என்றதும் உனக்குக் கும்பகோணம் நவக்கிரக டூர்தான் ஞாபகம் வந்திருக்கும். விடிகாலையில் கிளப்பி ஒரே நாளில் ஒன்பது கோயில், ஒவ்வொன்றிலும் இருபது நிமிஷம், செருப்பைப் போடுவதற்குள் "சீக்கிரம் ஏறுங்க" என்று சத்தம். நானும் அப்பாவும் ஒரு ஏஜண்டிடம் பணம் கட்டி அப்படிப் போனோம், சாமியைப் பார்த்தோம் என்பதைத் தவிர சொல்ல ஒன்றும் இல்லை. இது அப்படியில்லை. அழைத்துக்கொண்டு போகிறவர் இங்கே தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார், இளவயதில் திருவையாறு இசைக் கல்லூரியில் படித்தவர். தஞ்சாவூரிலேயே ஒரே இடத்தில் தங்கல், அங்கிருந்து திருவையாறு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ இடம், மற்ற நேரம் உட்கார்ந்து கேட்பது. அவர் போகிற வீட்டில், பட்டறையில், கோயிலில் எல்லாம் அவரைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நமக்காக ஒரு பாய் விரித்துப் போடுகிறார்கள். காரும் டிரைவரும் வைத்துக்கொண்டு போனால் அந்தப் பாய் கிடைக்காது, பாப்பா. நான் காசு கொடுப்பது அதற்குத்தான்.

பெரிய கோயிலை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய், நந்தி முன்னால் படமும் எடுத்தோம். போன தடவை சார் எங்களை நந்தியிடம் நிறுத்தவில்லை, நேராகக் கல்வெட்டுக்குக் கூட்டிப்போனார். 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த அந்தக் கோயிலில் திருப்பதிகம் பாட 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர் என்று 50 பேரை நியமித்து, ஆளுக்கு நாளுக்கு முக்குறுணி நெல் என்று சம்பளமும் எழுதி வைத்திருக்கிறான். பாடுகிறவனுக்குச் சோறு நிச்சயம் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உங்களுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுத்த அம்மாவுக்கு நாங்கள் வருடக் கடைசியில் ஒரு புடவை எடுத்துக் கொடுத்தோம், அவ்வளவுதான். அங்கே நிற்கும்போது எனக்கு அந்த அம்மாதான் மனதில் வந்தார்.

அப்புறம் வீணைப் பட்டறை. இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும் என்று தெரியும். பலா மரத்தில்தான் செய்கிறார்கள். குடம், தண்டி, யாளி முகம் எல்லாவற்றையும் ஒரே மரத்தில் குடைந்தால் அது ஏகாந்த வீணை, தனித்தனியாகச் செய்து ஒட்டினால் ஒட்டு வீணை, விலையிலும் நாதத்திலும் வித்தியாசம் உண்டு. மரவேலை முடிந்த பிறகுதான் நிஜமான வேலை. தண்டியின் இரண்டு பக்கமும் கறுப்பு மெழுகைத் தடவி, அதன் மேல் விரல் வைத்து வாசிக்கும் 24 பித்தளை மெட்டுகளையும் வரிசையாக வைக்கிறார்கள். அளவுகோல் கிடையாது. அந்தப் பெரியவர் தந்தியை மீட்டுவார், தலையைச் சாய்த்துக் கேட்பார், மெட்டை நூலளவு தள்ளுவார், மறுபடி மீட்டுவார். ஒரே ஒரு மெட்டுக்காக அவர் அப்படிச் செய்துகொண்டே இருந்ததை நாங்கள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் "ம்" என்றார், அடுத்த மெட்டுக்குப் போனார். எனக்கு முந்தின "இல்லை"களுக்கும் அந்த "ம்"முக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. இதை யூடியூபில் பார்க்கலாம்தான், ஆனால் உன் கையைப் பிடித்துக் குடத்தின் மேல் வைத்து, மந்திர ஸ்தாயியை மீட்டி, "தெரியுதாம்மா?" என்று அவர் கேட்பது அதில் வராது.

சரி, திருவையாறு. பஞ்சமிக்கு முந்தின நாள் சாயங்காலமே போய்விடுவோம், அதுதான் எனக்கு முக்கியம். சமாதிப் பந்தலுக்குப் போகுமுன் ஐயாறப்பர் கோயில். அப்பர் சுவாமிகள் கயிலைக்கு நடந்து, நடக்க முடியாமல் ஊர்ந்து, இறைவன் அங்கே ஒரு குளத்தில் மூழ்கச் சொல்ல, மூழ்கி எழுந்து பார்த்தால் திருவையாற்றுக் குளத்தில் நிற்கிறார் என்பது வரலாறு. எதிரே வந்த யானை, கோழி, மயில், அன்றில் எல்லாம் ஜோடி ஜோடியாகச் சிவமும் சக்தியுமாகவே தெரிய, கண்டறியாதன கண்டேன் என்று பாடிய பதிகம் அது. நீ பத்து வயதில் திருமுறைப் போட்டியில் பாடியதும் அதே பதிகம்தான், மேடையில் நாலாவது பாட்டில் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாயே. அந்தப் பதிகத்தை அந்தக் கோயிலிலேயே ஓதுவார் மைக் இல்லாமல் பாடக் கேட்க வேண்டும். தெற்குப் பிரகாரத்தில் ஓர் இடத்தில் நின்று "ஐயாறா" என்று கூப்பிட்டால் ஏழு முறை திரும்பி வரும் என்பார்கள், பிள்ளைகள் வரிசையில் நின்று கத்துகிறார்கள், நீயும் கத்து.

தெலுங்கு விஷயத்துக்கு வருகிறேன். உன் தாத்தா இருந்திருந்தால் உன் பக்கம்தான் பேசியிருப்பார். 1940களில் ராஜா அண்ணாமலைச் செட்டியார் தமிழிசைக்காக நின்ற காலத்துச் செய்திகளை எல்லாம் வெட்டி ஒட்டி வைத்திருந்தவர் அவர். தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டைக் கடைசியில் துக்கடாவாக வைத்தார்களே என்ற அவர் கோபம் நியாயமான கோபம், நான் அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் தஞ்சையை நாயக்கர்களும் அப்புறம் மராட்டியர்களும் ஆண்ட காலத்தில் தெலுங்கு அந்த ஊர் அரண்மனையிலும் புலவர்களிடமும் புழங்கிய மொழி, தியாகராஜருக்கு வீட்டு மொழி. அவர் பிறந்தது திருவாரூர், வாழ்ந்தது காவிரிக்கரை. அதே திருவாரூரில்தான் முத்துசுவாமி தீட்சிதரும் சியாமா சாஸ்திரியும் பிறந்தார்கள். சரபோஜி மன்னர் கூப்பிட்டும் அரண்மனைக்குப் போகாமல், தெருவில் உஞ்சவிருத்தி, அதாவது பாடிக்கொண்டே பிச்சை, எடுத்துச் சாப்பிட்டுப் பாடிய மனிதர் என்று சொல்வார்கள். அவரை வேற்றூர் ஆள் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் சாரிடம் சண்டை போட்டு, இந்த முறை சீர்காழியையும் சேர்க்க வைத்திருக்கிறேன். சம்பந்தர் பிறந்த ஊர், முத்துத்தாண்டவர் ஊர். தியாகராஜர், தீட்சிதர், சாஸ்திரி என்ற மும்மூர்த்திகளுக்கு முன்பே பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று தமிழில் கீர்த்தனை பாடி வைத்தவர் அவர். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

பஞ்சமியன்று இருட்டிலேயே எழுந்துவிட வேண்டும். திருமஞ்சன வீதியில் அவர் வாழ்ந்த இடத்திலிருந்து உஞ்சவிருத்தி ஊர்வலம் பாடிக்கொண்டே சமாதிக்கு வரும். ஆற்றில் தண்ணீர் இருக்கும், மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-இல்தான் மூடுவார்கள். நாதஸ்வரம் முடிந்து, புல்லாங்குழல் ஒலித்து, ஒன்பது மணி வாக்கில் பஞ்சரத்னம், தியாகராஜரின் ஐந்து பெரிய கீர்த்தனைகள், தொடங்கும். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகம். உள்ளே அபிஷேகம் நடக்க, வெளியே வித்வான்கள் எதிரும் புதிருமாக வரிசையாக உட்கார்ந்து பாட, பின்னால் பந்தல் முழுக்க ஜனம். பெரிய பெயரெடுத்தவர், பள்ளிக்கூடப் பிள்ளை, எல்லோருக்கும் ஒரே தாளம், யாருக்கும் சன்மானம் கிடையாது. போன தடவை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மன்னார்குடி அம்மா, நான் புத்தகத்தில் வரி தேடித் தடுமாறுவதைப் பார்த்து, பாட்டை நிறுத்தாமலே என் புத்தகத்தில் விரலை வைத்து வரிக்கு வரி நகர்த்திக்கொண்டே வந்தார். ஸ்ரீராகத்தில் எத்தனையோ மகான்கள், அத்தனை பேருக்கும் வணக்கம் என்று வரும்போது அந்த விரல் நின்றுவிட்டது, அவர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார், நானும் புத்தகத்தை மூடிவிட்டேன். நீ எஸ்பிஎம் பரீட்சை வந்ததும் பாட்டு வகுப்பை நிறுத்தியவள், ஆனால் நாட்டையும் ஆரபியும் உனக்குப் பாடம் உண்டு. மற்றதைத் தமிழ் எழுத்தில் அச்சடித்துத் தருகிறேன். சுருதி சேராவிட்டால் பரவாயில்லை, வாயை மூடிக்கொண்டு மட்டும் உட்காராதே. போனைத் தூக்கிப் படமும் பிடிக்காதே.

அந்தச் சமாதிக்கு நேர் எதிரே இன்னொரு சின்னச் சமாதி இருக்கும், கூட்டம் கவனிக்காமல் போகும். பெங்களூரு நாகரத்தினம்மாள். தேவதாசி குலத்தில் பிறந்து பாடிச் சம்பாதித்த அம்மாள். தியாகராஜரின் சமாதி கவனிப்பாரில்லாமல் கிடப்பது தெரிந்து, தன் காசைப் போட்டு நிலம் வாங்கி 1920களில் இன்றிருக்கும் கோயிலைக் கட்டியவர். கட்டிய அவரையே அங்கே பாட விடவில்லை, பெண்கள் பாடக் கூடாது என்றார்கள். அவர் அழுதுகொண்டு ஊருக்குத் திரும்பவில்லை. பெண்களைச் சேர்த்துக்கொண்டு சமாதிக்குப் பின்பக்கம் தனியாக ஓர் ஆராதனையே நடத்தினார், வருடா வருடம். 1940களின் தொடக்கத்தில்தான் ஆராதனையைத் தனித்தனியாக நடத்திய எல்லாக் கட்சிகளும் ஒன்றாகி, பெண்களும் சமமாக உட்கார்ந்து பாட முடிந்தது. 1952-இல் காலமானார். தான் கட்டிய கோயிலைப் பார்த்தபடியே இருக்கிறார். பாடி முடித்ததும் முதலில் அங்கே போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் பசியாறப் போக வேண்டும், இது என் கட்டளை. அப்பாவுக்கும் சேர்த்துத்தான்.

மறுநாள் திருவாரூர். அங்கே கோயிலில் சாயரட்சை, மாலைப் பூஜை, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று சாரிடம் சொல்லியிருக்கிறேன், ஐந்து முகமுள்ள முரசான பஞ்சமுக வாத்தியத்தை நீ காதால் கேட்க வேண்டும். நேரம் இருந்தால் நரசிங்கம்பேட்டையில் இறங்கி, பழைய வீடு பிரித்த ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடைவதையும் பார்க்கலாம்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். காலையில் ஆற்றங்கரை குளிரும், ஒரு சால்வை வை. பந்தலில் தரையில்தான் உட்கார வேண்டும், ஜீன்ஸ் வேண்டாம், காட்டன் சுடிதார் போதும். கழிவறை வசதி சுமார்தான், காலையில் ஹோட்டலிலேயே முடித்துக்கொண்டு கிளம்பு. அசோகா அல்வா திருவையாற்றில்தான் சாப்பிட வேண்டும், பாசிப்பருப்பில் செய்வது, சூடாக வாங்கு, பெரியம்மாவுக்கும் ஒரு பொட்டலம்.

உன் பாஸ்போர்ட் காலாவதி எப்போது என்று பார். ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும், இந்திய விசாவை ஆன்லைனிலேயே போட்டுவிடலாம். சார் இந்த மாதக் கடைசியில் ரூம் எண்ணிக்கை கேட்பார். நீ வருவதாக இருந்தால் நானும் நீயும் ஒரு ரூம், அப்பாவைச் சாரோடு தள்ளிவிடலாம். லீவு கிடைக்கிறதா என்று மேனேஜரிடம் கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் போன் பண்ணு, மெசேஜ் வேண்டாம்.

அன்புடன்,
அம்மா
பினாங்கு