பாட்டி வேஷம் பற்றித் தோழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் அம்மாவின் கண் அறுவை சிகிச்சை. நல்லபடியாக முடிந்தது. இப்போது சீரியலில் எந்த மருமகள் என்ன நிறப் புடவை கட்டியிருக்கிறாள் என்று எனக்கே சொல்கிறார், எதிர்வீட்டு மாடியில் காயும் துணியைக்கூட விடுவதில்லை. மற்றபடி வீட்டில் எல்லோரும் நலம். சின்னவள் வேலை மாறிவிட்டாள், சம்பளம் கூட, தூக்கம் குறைவு.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த நாடகத்தில் உனக்குப் பாட்டி வேஷம் கொடுத்திருக்கிறார்கள், மொத்தமே இரண்டு காட்சி, இத்தனை வருஷம் மேடையில் நின்றவளுக்கு இதுதானா என்று பொரிந்து தள்ளியிருந்தாய். முடியாது என்று சொல்லப் போவதாகவும் எழுதியிருந்தாய். சொல்லிவிட்டாயா? இன்னும் இல்லையென்றால் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுச் சொல், அவசரம் ஒன்றும் இல்லை.

'ஸ்டார்கேட்' என்ற படம் ஞாபகம் இருக்கிறதா? 1994-இல் வந்தது, கேபிள் டிவியில் அடிக்கடி போடுவார்கள். எகிப்தில் தோண்டியெடுத்த பெரிய வளையத்துக்குள் நுழைந்து வேறு கிரகத்துக்குப் போவார்களே, அதுதான். அதில் ஆரம்பத்தில் ஒரு வயதான அம்மாள் வருவார். யாரும் மதிக்காத ஓர் இளம் ஆராய்ச்சியாளனைத் தேடிப் பிடித்து வேலை கொடுப்பார், பிறகு சின்ன வயதிலிருந்து தன்னிடம் இருந்த பதக்கத்தை அவன் கையில் கொடுத்து அனுப்பிவைப்பார். சில நிமிஷங்கள்தான். அதற்கப்புறம் படம் முழுக்கத் துப்பாக்கியும் மணலும். ஆனால் அந்த அம்மாள் பேசும்போது நமக்கு அந்த வளையத்தில் நம்பிக்கை வந்துவிடுகிறது, அதனால்தான் மீதிப் படம் ஓடுகிறது என்பது என் கட்சி. அவர் பெயர் விவேகா லிண்ட்ஃபோர்ஸ். அந்தப் படத்தில் நடித்தபோது வயது எழுபதைத் தாண்டிவிட்டது, உடம்பில் முடக்குவாதம் வேறு.

சில மாதங்களாக இவரைத்தான் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்த படங்களைப் பார்த்தேன், கிடைக்காத நாடகங்களைப் பற்றி வாசித்தேன். நீ எழுதியதைப் படித்ததும் இவர் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1920 டிசம்பர் 29, ஸ்வீடனில் உப்சாலா என்ற பல்கலைக்கழக ஊரில் பிறந்தார். ஸ்டாக்ஹோமில் ராயல் டிரமாட்டிக் தியேட்டரின் நடிப்புப் பள்ளியில் படித்தார். அந்தப் பள்ளியைச் சாதாரணமாக நினைக்காதே, கிரேட்டா கார்போ அங்கேதான் படித்தார், இங்கிரிட் பெர்க்மனும் அங்கேதான். உலகப் போர் ஐரோப்பாவைக் கலக்கிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில், போரில் சேராத ஸ்வீடனில் விவேகா மேடையிலும் படங்களிலும் பெரிய பெயர் வாங்கிவிட்டார். 1946-இல் ஹாலிவுட்டின் வார்னர் பிரதர்ஸ் அவரை ஒப்பந்தம் செய்து கூட்டிக்கொண்டு போனது. அவர்கள் கணக்கு உனக்கே புரியும்: 1925-இல் போன கார்போ தெய்வமாகிவிட்டார், 1939-இல் போன பெர்க்மன் எல்லோருக்கும் செல்லமாகிவிட்டார், ஆக ஸ்வீடனிலிருந்து இன்னொருத்தியைக் கொண்டுவந்தால் மூன்றாவது லாட்டரியும் விழும்.

விழவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். அவருக்கு முதலில் கொடுத்த படங்களில் ஒன்று 'நைட் அன்டூ நைட்'. கதாநாயகன் யார் தெரியுமா, ரொனால்டு ரீகன், பின்னாளில் அமெரிக்காவின் அதிபர் ஆனாரே அவரேதான். அவர் வலிப்பு நோய் வந்த விஞ்ஞானி, இவர் செத்துப்போன கணவனின் குரல் காதில் கேட்கும் விதவை. படத்தை எடுத்துவிட்டு ஸ்டுடியோ அப்படியே தூக்கிப் பரணில் போட்டுவிட்டது, 1949-இல்தான் வெளியே விட்டது. அதற்குள் எரால் ஃப்ளினோடு நடித்த 'அட்வென்ச்சர்ஸ் ஆஃப் டான் வான்' வந்துவிட்டது, 1948 கடைசியில். அதில் இவர் ஸ்பெயின் நாட்டு ராணி. அந்தப் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது, உடை அலங்காரத்துக்கு! பார்த்தால் நியாயம் என்றுதான் சொல்வாய். அத்தனை கனமான கவுனுக்கு மேலே கழுத்தும் முகமும்தான் இவருடையது, அந்த முகத்தை வைத்துக்கொண்டு ஒரு ராணிக்கு ஆசை வந்தால் எப்படி மறைப்பாள் என்று ஒழுங்காகக் காட்டியிருக்கிறார். யார் கவனித்தார்கள்! கொஞ்ச நாளிலேயே வார்னரோடு இருந்த உறவு முடிந்துவிட்டது.

அந்த ரீகன் படத்தை இயக்கியவர் டான் சீகல். ஆமாம், 'டர்ட்டி ஹாரி' எடுத்தவர். 1949-இல் அவரையே கல்யாணம் செய்துகொண்டார். சில வருஷங்களில் பிரிந்தும் விட்டார்கள். இவருக்கு மொத்தம் நான்கு கல்யாணம், முதல் மூன்று கணவர்களுக்கும் ஆளுக்கொரு பிள்ளை. உன் முகம் போகும் போக்கு எனக்குத் தெரிகிறது, பேசாமல் மேலே படி.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடம். 1951-இல் 'ஃபோர் இன் எ ஜீப்' என்ற சுவிஸ் படத்தில் நடித்தார், போருக்குப் பிறகு நான்கு வல்லரசுகள் பங்கு போட்டு ஆண்ட வியன்னாவில், நான்கு நாட்டுச் சிப்பாய்கள் ஒரே ஜீப்பில் ரோந்து போகும் கதை, அது முதல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி வாங்கியது. ஆனால் ஹாலிவுட்டில் ஒன்றும் மாறவில்லை. இவர் நியூயார்க்குக்குப் போய் மேடை ஏறினார். 1954 டிசம்பர் 29, லைசியம் தியேட்டர், 'அனஸ்தேசியா' நாடகம். தேதியைப் பார்த்தாயா, அன்றைக்கு அவருக்கு முப்பத்து நான்காவது பிறந்தநாள். ரஷ்யாவில் சுட்டுக் கொல்லப்பட்ட ஜார் மன்னரின் மகள் நான்தான் என்று சொல்லிக்கொண்டு பெர்லினில் திரியும் ஒரு பெண்ணின் கதை. அவளை வைத்துப் பணம் பார்க்க நினைக்கிறவர்கள் அவளுக்கு இளவரசிபோல நடக்கக் கற்றுக் கொடுக்கிறார்கள். உயிரோடு இருக்கும் பாட்டி, பழைய மகாராணி, இவள் என் பேத்தியா இல்லை ஏமாற்றுக்காரியா என்று சோதிக்க வருகிறாள். அந்தக் காட்சிக்காகவே மக்கள் வந்தார்கள். மகாராணியாக நடித்தவர் யூஜனி லியோன்டோவிச், நிஜமாகவே ரஷ்யாவிலிருந்து வந்தவர். 272 முறை மேடையேறியது.

அப்புறம் அதைப் படமாக்கினார்கள், 1956-இல். யாரைப் போட்டார்கள் தெரியுமா? இங்கிரிட் பெர்க்மனை. அதே ஊர்ப் பள்ளி, அதே நாட்டு உச்சரிப்பு. இத்தாலிய இயக்குநர் ரோஸலினியோடு ஏற்பட்ட காதல் விவகாரத்தில் பெர்க்மனை அமெரிக்காவே தூற்றி ஒதுக்கி வைத்திருந்த சமயம், இந்தப் படத்தின் மூலம்தான் மன்னிக்கப்பட்டுத் திரும்பி வந்தார், இரண்டாவது ஆஸ்கரும் வாங்கினார். பெர்க்மன் மோசமாக நடித்தார் என்று நான் சொல்லவே மாட்டேன், அருமையாகத்தான் செய்திருக்கிறார். ஆனால் 272 தடவை அந்த மகாராணியின் முன்னால் மண்டியிட்டவளுக்கு எப்படி இருந்திருக்கும்? நீயும் நானும் ஒரு வேஷம் கைமாறிப் போனதற்கு ஒரு வருஷம் பேசாமல் இருந்தவர்கள், நமக்குத் தெரியாததா.

இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 'அடுத்த பெர்க்மன் ஆகியிருக்க வேண்டியவர்' என்று ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். எனக்கு அதுதான் எரிச்சல். ஏனென்றால் இதற்குப் பிறகு அவர் நாற்பது வருஷம் வேலை செய்திருக்கிறார்! 1956 ஜனவரியிலேயே ஆர்சன் வெல்ஸின் 'கிங் லியர்' நாடகத்தில் கார்டீலியா. வெல்ஸ் கணுக்காலில் அடிபட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே லியர் மன்னனாக நடித்த நாடகம் அது. அதே வருஷம் தன் நாட்டு நாடக ஆசிரியர் ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் 'மிஸ் ஜூலி'. நான்காவது கணவர் ஜார்ஜ் டபோரி, ஹங்கேரியிலிருந்து வந்த நாடக ஆசிரியர், அப்பாவை அவுஷ்விட்ஸில் பறிகொடுத்தவர். அவர் ஜெர்மன் நாடக ஆசிரியர் பிரெக்டின் கவிதை, பாட்டு, காட்சி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய 'பிரெக்ட் ஆன் பிரெக்ட்' 1962-இல் கிரீனிச் வில்லேஜில் ஒரு சின்ன அரங்கில் நடந்தது, அதில் பாடகியும் நடிகையுமான லோட்டே லென்யாவோடு இவரும் இருந்தார்.

அதே 1962-இல் பெர்லினில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி. பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தரின் 'நோ எக்ஸிட்' நாடகத்தைப் படமாக எடுத்தார்களே, செத்த பிறகு மூன்று பேரை ஓர் அறைக்குள் பூட்டி வைத்திருக்கும் கதை, அதில் இனெஸ் வேஷம். பெண்களை விரும்பும் பெண், மற்ற இருவரையும் பார்வையாலேயே வதைக்கிறவள். அன்றைக்கு எந்தக் கதாநாயகியும் கிட்டே வரமாட்டாள். உடன் நடித்த ரீட்டா காமோடு விருதைப் பகிர்ந்துகொண்டார். ராணி கவுன் போட்டு நிற்க வைத்த ஸ்டுடியோவிலேயே இருந்திருந்தால் இந்த வேஷம் கிடைத்திருக்குமா என்று சொல்.

எழுபதுகளில் டபோரி ஜெர்மன் மொழி நாடக உலகத்துக்கே போய்விட்டார், மண முறிவு. இவர் என்ன செய்தார் என்றால் 'ஐ ஆம் எ வுமன்' என்று ஒற்றை ஆள் நிகழ்ச்சி ஒன்றை உருவாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். பல எழுத்தாளர்கள் படைத்த பெண்களாக ஒரே மேடையில் மாறி மாறி நிற்பது, வருஷக்கணக்காக அதை நடத்தினார். 1981-இல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். 1987-இல் 'அன்ஃபினிஷ்டு பிசினஸ்' என்று தானே எழுதி, இயக்கி, நடித்து ஒரு படம். அறுபத்தாறு வயதில்!

இதற்கு நடுவில்தான் உன் விஷயம், சின்ன வேஷங்கள். ராபர்ட் ஆல்ட்மன் எடுத்த 'எ வெட்டிங்' படத்தில் கல்யாணச் சமையலைக் கவனிக்கும் அம்மாள், 1978-இல். 1982-இல் 'கிரீப்ஷோ', பேய்ப்படம், அதில் பெடிலியா அத்தை. தந்தையர் தினத்தன்று கேக் கேக் என்று கத்தி உயிரை வாங்கிய அப்பாவைச் சாம்பல் கிண்ணத்தால் அடித்துக் கொன்றவள், வருஷா வருஷம் அதே நாளில் கல்லறைக்கு வந்து விஸ்கி குடித்துக்கொண்டு செத்த அப்பனோடு சண்டை போடுகிறாள். கதை சுத்த அபத்தம். ஆனால் அந்தக் கல்லறைப் பேச்சைப் பார், ஸ்ட்ரிண்ட்பெர்க்குக்கு என்ன கவனம் கொடுத்திருப்பாரோ அதே கவனத்தைக் கொடுத்திருக்கிறார், சிரிப்பும் வருகிறது, வயிற்றைப் பிசையவும் செய்கிறது. 'தி ஷுர் திங்' படத்தில் கல்லூரியில் எழுத்துப் பயிற்சி தரும் பேராசிரியை. மாணவன் எழுதியதை வகுப்பில் வாசித்துக் காட்டுவார், படத்தின் காதலே அந்த வாசிப்பில்தான் முடிச்சு அவிழ்கிறது. 1990-இல் 'லைஃப் கோஸ் ஆன்' என்ற தொலைக்காட்சித் தொடரில் விருந்தினராக ஒரே அத்தியாயம், அதற்கு எம்மி விருது கொடுத்தார்கள். அந்தத் தொடரும் நல்ல தொடர், டவுன் சிண்ட்ரோம் உள்ள பையனை முக்கியப் பாத்திரமாக வைத்து எடுத்தது.

இதையெல்லாம் அவர் ஆசைப்பட்டுத்தான் செய்தார் என்று கதை விடமாட்டேன். சில படங்கள் வீட்டு வாடகைக்காக இருக்கும், 'எக்ஸார்சிஸ்ட்' மூன்றாம் பாகத்தில்கூட வருகிறார், வேறென்ன சொல்ல. ஆனால் வேஷத்தின் நீளத்தைப் பார்த்து நடிப்பைக் குறைத்துக் கொடுத்ததாக ஓர் இடத்திலும் நான் காணவில்லை. நீ கோபப்படுவது இரண்டு காட்சிக்காகவா, இல்லை பாட்டி என்றதற்காகவா? இரண்டாவது என்றால் சொல்லிவிடு, அதற்கு நான் வேறு கடிதம் எழுத வேண்டும். முதலாவது என்றால் வசனத் தாளை வாங்கிப் படித்துப் பார். அந்த இரண்டு காட்சியில் பாட்டிக்கு ஏதாவது வேண்டியிருக்கிறதா, இல்லை சும்மா உட்கார்ந்து ஆசீர்வாதம் பண்ணுகிறாளா? ஆசீர்வாதம் மட்டும்தான் என்றால் தாராளமாக முடியாது என்று சொல், நானே உன் பக்கம். ஏதாவது வேண்டியிருக்கிறது என்றால் விட்டுவிடாதே.

அவருடைய கடைசிப் படங்களில் ஒன்று 'லாஸ்ட் சம்மர் இன் தி ஹாம்ப்டன்ஸ்'. நாடகக்காரக் குடும்பம் ஒன்று விற்கப்போகும் வீட்டில் கடைசிக் கோடைக்குக் கூடுகிறது, இவர்தான் குடும்பத் தலைவி, பழைய நடிகை. அவரே இளமையில் நடித்த படத் துண்டுகளையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். படம் திரைக்கு வருவதற்குச் சற்று முன், 1995 அக்டோபர் 25 அன்று, பிறந்த உப்சாலாவிலேயே இறந்துவிட்டார், வயது எழுபத்து நான்கு. படம் கிடைத்தால் சேர்ந்து பார்க்கலாம், தீபாவளிக்கு இங்கே வருகிறாய்தானே? வரும்போது அந்தப் பச்சைச் சால்வையைக் கொண்டு வா, போன தடவை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போனது.

ஒத்திகை எப்போது ஆரம்பம் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய சண்டைக்காரி

பி.கு.: உன் வீட்டுக்காரரிடம் ஒன்று சொல். விவேகாவின் இரண்டாவது கணவர் ஃபோல்கே ரோகார்ட் ஸ்டாக்ஹோம் வக்கீல், 1949 முதல் 1970 வரை உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேவுக்குத் தலைவராக இருந்தவரும் அவரேதான், பாபி ஃபிஷர் வளர்ந்த காலம் முழுக்க. செஸ்ஸில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று சொல்வாரே, இது தெரியுமா என்று கேட்டுப் பார்.