மணற்காட்டுச் சவுக்கங்காட்டில் சைக்கிள் தடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கண்டியிலிருந்து நுவரெலியா வரை, தேயிலை ஏற்றிச் சென்ற பழைய வழிகளை இணைத்து 22 பகுதிகளாக அமைக்கப்பட்டுள்ள பீக்கோ பாதை 300 கிலோமீற்றருக்கும் அதிக நீளமானது. தடத்தைச் சரிவரக் குறித்து வைத்தால் அதைத் தேடி ஆட்கள் வருவார்கள் என்பதற்கு அதுவே சான்று. மலையில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலைச் சைக்கிளுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வடமராட்சி கிழக்கின் மணற்காட்டுச் சவுக்கங்காட்டில், அகன்ற ரயரின் காற்றைச் சற்றுக் குறைத்து, தளர்ந்த மணலில் சமநிலை தவறாமல் மிதித்துச் செல்வது ஏற்றத்தில் ஓடுவதற்குச் சற்றும் குறைந்த பயிற்சியன்று.

எனது பெருங்கவலை அங்குள்ள மணற்குன்றுகளைப் பற்றியது. அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் வேரோடிப் பிடித்திருப்பதாலேயே அம்மணல் காற்றில் அள்ளுண்டு போகாமல் நிற்கின்றது. கண்டபடி சில்லுகள் ஏறினால் அந்தப் பிடிப்பு அறுந்து குன்று நகரத் தொடங்கும். மணல் மூடிய பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிபாடுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே, குன்றுகளை முற்றாக விலக்கி, சவுக்கமரங்களுக்கிடையே ஏற்கனவே ஆட்கள் நடந்து இறுகிய தடங்களை மட்டும், அவ்வூர் மக்களின் சம்மதத்துடன், வனவளத் திணைக்களமும் பிரதேச சபையும் சைக்கிளுக்கென அடையாளமிட வேண்டும். மோட்டார் சைக்கிள்களை அங்கே அனுமதிக்கவே கூடாது.

வன்னிக் காடுகளில் நீண்ட தடங்கள் அமைக்க விரும்புவோர், கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்பட்ட நிலத்திலேயே, யானைகள் நடமாடும் வழிகளைத் தவிர்த்து, அதனைத் திட்டமிட வேண்டும்.

இப்படிக்கு,
சைக்கிள் ஆர்வலர் ஒருவர்,
பருத்தித்துறை.