கோல்கீப்பருக்காக ஒரு சாட்சிக் கடிதம்

கோத்தகிரி,
டிசம்பர் 9

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பாப்பா கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். முட்டி வலியோடு சங்கரன்கோவில் வரை என்னால் வர முடியவில்லை, தங்கச்சியிடம் சொல்லிவிடு. இங்கே உறைபனி விழ ஆரம்பித்துவிட்டது. காலை எட்டு மணி வரை தோட்டத்தில் யாரும் கால் வைப்பதில்லை. பச்சைத் தேயிலை விலை பழைய கதைதான்.

நம்ம கம்பெனி ஃபுட்பால் டீம் கோல்கீப்பரைப் பற்றி எழுதத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன். உன்னால் மட்டுமே ஆக வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படி.

கொடி நாளுக்குக் குன்னூர் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் பள்ளிப் பிள்ளைகள் உண்டியலோடு நின்று, காசு போட்டவர் சட்டையிலெல்லாம் சின்னக் கொடியைக் குத்திவிட்டார்கள். 1949-லிருந்து ஒவ்வொரு டிசம்பர் 7-ஆம் தேதியும் நடப்பதுதான். நான் முன்னாள் படைவீரன் என்று தெரிந்ததும் ஒரு பெண் குழந்தை நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெலிங்டன் வழியாகப் போகும்போது நாம் பயிற்சி எடுத்த ரெஜிமென்ட் சென்டர் கேட்டைப் பார்த்தால் இன்னமும் முதுகு தானாக நிமிர்கிறது, உனக்கும் அப்படித்தான் இருக்கும். திரும்பும் வழியில் கட்டபெட்டில் இறங்கி கோல்கீப்பர் வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் அவன் மட்டும் இருந்தான். அவன் மனைவி இலை பறிக்கப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் "வா, டீ போடறேன்" என்று எழுந்தான். அடுப்பு மேடைக்கு மேலே காலண்டர் அட்டையைத் திருப்பி ஒட்டி, அதில் அவள் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள்: தண்ணீர் வைக்கவும். இங்கேயே நிற்கவும். தூள், சர்க்கரை போடவும். கேஸை மூடவும். மூடியாச்சா என்று இன்னொரு தடவை பார்க்கவும். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, அந்த வேலை முடிந்த பிறகுதான் விரலை அடுத்த வரிக்கு இறக்கினான். நான் எழுந்து உதவப் போனபோது கையைக் காட்டித் தடுத்துவிட்டான். டீ நன்றாகவே இருந்தது மாப்ளே. ஆனால் அதைக் குடித்து முடிப்பதற்குள் எனக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தான். அதே மனிதன், புதிதாகச் சேர்ந்த ரங்கரூட்டாக இருந்தபோது நாம் ஆடிய கம்பெனி ஃபைனலில் பெனால்டி யார் அடித்தான், பந்து எந்தப் பக்கம் வந்தது, தான் எந்தக் கையால் தடுத்தான் என்று ஒன்று விடாமல் சொன்னான். பழையது எல்லாம் பத்திரமாக இருக்கிறது, புதிதாக எதுவும் ஒட்டமாட்டேன் என்கிறது.

பேசும்போது சில சமயம் நாக்கு குழறுகிறது. நடையில் லேசான தள்ளாட்டம். வெயில் பட்டால் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறான். அதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "மிலிட்டரிக்காரர் காலையிலேயே ஆரம்பிச்சுட்டார்." மலிவாகச் சரக்கு வாங்க ராணுவ கேன்டீன் கார்டு இருக்கிறதே, அதனால் ரம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவன் ஒரு சொட்டு தொடுவதில்லை. குடித்தால் வலிப்பு வரும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அந்த ஒதுக்கீட்டையே வாங்குவதில்லை. ஏ.டி.எம். காவலாளி வேலை போனதும், அப்புறம் ஃபேக்டரி வாட்ச்மேன் வேலை போனதும் இந்தப் பேச்சினால்தான். பூட்ட மறந்தான், உண்மைதான். குடித்துவிட்டு மறந்தான் என்று எழுதி அனுப்பினார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன மாதம் ஒரு ராத்திரி கரடி வந்துவிட்டது என்று பக்கத்தில் வெடி போட்டிருக்கிறார்கள். தூங்கிக்கொண்டிருந்தவன் சின்ன மகனைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். விடியும் வரை வெளியே வரவில்லை. பையன் பயந்து அழ அழ, அவன் தலையைத் தன் கையால் மூடிக்கொண்டு படுத்திருந்தானாம். இதை அவன் மனைவி என்னிடம் சொன்னபோது குரலில் புகார் இல்லை. "அப்பவும் பையன் தலையைத்தான் மூடினார்ணா" என்றாள்.

இப்போது காஷ்மீர் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கான்வாயில் நான் இல்லை, நீ இருந்தாய். அவன் இருந்த வண்டிக்கு அடுத்த வண்டியில். சாலையோரம் புதைத்த குண்டு வெடித்ததும் அவன் தலை வண்டிக் கம்பியில் மோதியதையும், கொஞ்ச நேரம் அசைவில்லாமல் கிடந்ததையும், எழுந்ததும் துப்பாக்கியைத் தேடி எடுத்துக்கொண்டு, அடிபட்ட தம்பிகளை இழுத்து வெளியே போட்டதையும் நீதான் அன்றைக்கு லங்கரில், சாப்பாட்டுக் கூடத்தில் வைத்து எனக்குச் சொன்னாய். ரத்தம் வந்தவர்களை ஹெலிகாப்டரில் அனுப்பினார்கள். இவன் உடம்பில் ஒரு கீறல் இல்லை. அதனால் காயம்பட்டவர் பட்டியலில் பெயரும் இல்லை. ஒரு வாரம் வாந்தி எடுத்துக்கொண்டே டூட்டி பார்த்தான், பித்தம் என்று சொல்லிக்கொண்டான். அப்புறம் வருஷக்கணக்கில் தலைவலி, தூக்கமின்மை, சுள்ளென்ற கோபம். சர்வீஸை முடித்துக்கொண்டு வழக்கமான பென்ஷனோடு வீட்டுக்கு வந்துவிட்டான்.

கோயம்புத்தூரில் ஒரு நரம்பியல் டாக்டர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். வெலிங்டனில் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்கித்தான் போனோம். 2003-ல் அந்தத் திட்டம் வந்ததால் அவன் கையிலிருந்து பணம் போகவில்லை, இல்லையென்றால் அந்த ஸ்கேனுக்கும் சோதனைகளுக்கும் எங்கே போவது? டாக்டர் சொன்னது இது. தூக்குச் சட்டியில் தயிரை எடுத்துக்கொண்டு போகிறவன் தடுக்கி விழுந்தால், சட்டி நசுங்காமல் இருக்கலாம், உள்ளே தயிர் கலங்கியிருக்கும். மண்டை ஓட்டுக்குள் மூளை அப்படித்தான். வெடிப்பின் அதிர்ச்சியிலும் மோதலிலும் மூளைக்குள் இருக்கும் மெல்லிய நரம்பு இழைகள் இழுபட்டுப் பிய்ந்துபோகின்றன. சி.டி. ஸ்கேன் ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும்தான் நன்றாகக் காட்டும். இந்த இழைகள் பிய்ந்தது பெரும்பாலும் அதில் தெரியாது. அதனால்தான் முதலில் எடுத்த ஸ்கேனில் 'நார்மல்' என்று வந்தது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதிதான் கோபத்தை அடக்குவது, வேலையை வரிசையாகச் செய்வது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. அது அடிபட்டால் ஆள் சோம்பேறி மாதிரியும் முரடன் மாதிரியும் தெரிவான். பல மணி நேரம் உட்கார வைத்து நினைவாற்றல், கவனம் எல்லாவற்றுக்கும் சோதனை வைத்துப் பார்த்த பிறகு, தலைக்காயத்தின் விளைவு என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை அவன் மனைவி அப்படியே நெஞ்சில் வைத்து அழுதாள். இத்தனை வருஷமாகத் தன் புருஷன் குடிகாரன் இல்லை, சோம்பேறி இல்லை என்று அவள் ஒருத்தி மட்டும்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு இதில் வயிறு எரிவது எங்கே என்றால், கண்ணுக்குத் தெரியும் காயத்துக்கு ஒரு மரியாதை, தெரியாத காயத்துக்கு வேறொன்று. நம் ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷா சாபை எடுத்துக்கொள். 1942-ல் பர்மாவில் சிட்டாங் ஆற்றுப் பக்கம் வயிற்றில் குண்டுகள் பாய்ந்து கிடந்தவருக்கு, பிழைக்கமாட்டார் என்று நினைத்து ஜெனரல் கோவன் தன் சொந்த மிலிட்டரி கிராஸ் வீரப்பதக்க ரிப்பனையே கழற்றிக் குத்தினார் என்று சொல்வார்கள். அவர் குன்னூரில் வாழ்ந்து, 2008 ஜூன் 27-ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் கண்மூடி, ஊட்டியில் பார்சி கல்லறையில் மனைவிக்குப் பக்கத்தில் இருக்கிறார். அந்த மரியாதை முழுக்க முழுக்க அவருக்கு உரியது. கால் போனவனுக்குப் புனேயில் 1944-லிருந்து செயற்கைக் கால் மையம் இருக்கிறது. முதுகெலும்பு முறிந்தவனுக்குக் கிர்க்கியில் மறுவாழ்வு மையம் இருக்கிறது. சக்கர நாற்காலியைப் பார்த்தால் ஊரே எழுந்து வழிவிடும். நம்மவனுக்கு என்ன இருக்கிறது, ஒரு காலண்டர் அட்டையைத் தவிர?

இது புதிய சங்கதியும் இல்லை. முதல் உலகப் போரில் குண்டு அதிர்ச்சியில் நிலைகுலைந்தவர்களைப் பிரிட்டிஷ் ராணுவம் இரண்டாகப் பிரித்தது. எதிரியின் குண்டால் வந்தது என்று எழுதினால் 'டபிள்யூ', அவன் காயம்பட்டவன், சட்டைக் கையில் காயப்பட்டை உண்டு. இல்லையென்றால் 'எஸ்', வெறும் நோயாளி. பக்கத்தில் குண்டு வெடித்ததைப் பார்த்தவன் யாராவது எழுதிக் கொடுத்தானா என்பதில்தான் ஒருவன் மானமே இருந்தது. நூறு வருஷம் கழித்தும் அப்படித்தான். 2020 ஜனவரி 8-ஆம் தேதி இராக்கில் அல் அசாத் விமானத் தளத்தில் ஈரானின் ஏவுகணைகள் விழுந்தபோது, அமெரிக்க வீரர் ஒருவருக்கும் காயமில்லை என்றுதான் முதலில் அறிவித்தார்கள். நாள் போகப் போக, மூளைக்காயம் என்று கண்டறியப்பட்டவர்கள் 100-ஐத் தாண்டினார்கள். அவர்களில் 29 பேருக்கு அதே வருஷம் போரில் காயம்பட்டவர்களுக்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் கொடுத்தார்கள். அவர்களை மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள், அதனால் தெரிந்தது. நம்மவனை யாரும் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

ஊனச் சான்றிதழ் வாங்கப் போனபோது இன்னொரு சிக்கல். 2016-ஆம் வருஷச் சட்டத்தில் 21 வகை ஊனம் சொல்லியிருக்கிறது, மூளைக்காயம் என்று தனியாக ஒரு வரி அதில் இல்லை. பேச்சு, கை கால், மனநலம் என்று ஏதாவது ஒன்றில் கொண்டுபோய்ப் பொருத்த வேண்டியிருக்கிறது. எதில் பொருத்தினாலும் பாதி மனிதன் வெளியே நிற்கிறான்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எதிரியின் குண்டில் பட்ட காயம் என்று நிரூபித்தால் போர்க்காய பென்ஷன் என்று தனி வகையே இருக்கிறது. வக்கீல் ஒருவர் காகிதங்களையெல்லாம் பார்த்துவிட்டு, முறையாக மேல்முறையீடு செய்வோம், கிடைக்காவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போவோம் என்றார். 2013-ல் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் சொன்ன தீர்ப்பையும் காட்டினார். அவரும் ஒரு சிப்பாய்தான், வலிப்பு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். படையில் சேரும்போது ஒரு குறையும் பதிவாகவில்லை என்றால், பின்னால் வந்ததைப் பணியால் வந்ததாகவே கருத வேண்டும், இல்லை என்று காட்டும் பொறுப்பு அந்தச் சிப்பாயுடையது அல்ல என்று அதில் இருக்கிறது. அதோடு, அன்றைக்கு நேரில் பார்த்த ஒருவரின் வாக்குமூலம் இருந்தால் பெரிய பலம் என்றார்.

அது நீதான். அழகாக எழுத வேண்டாம், பார்த்ததை மட்டும் எழுது. தேதி, இடம், யார் எந்த வண்டியில் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், அவன் எவ்வளவு நேரம் நினைவில்லாமல் கிடந்தான், எழுந்ததும் என்ன பேசினான், நடந்ததெல்லாம் அவனுக்கு நினைவிருந்ததா. மயங்கிக் கிடந்த நேரத்தையும் நினைவு குழம்பியிருந்த நேரத்தையும் வைத்துத்தான் காயத்தின் கடுமையை டாக்டர்கள் எடை போடுகிறார்கள், அதனால் அந்த இரண்டையும் யோசித்து எழுது. தெரியாததைத் தெரியாது என்றே எழுதிவிடு. நோட்டரியிடம் கையெழுத்துப் போட்டு, உன் டிஸ்சார்ஜ் புக் நகலையும் சேர்த்து வை.

இன்னொன்று, இதைக் கோபிக்காமல் கேள். கல்யாணத்தில் ஸ்பீக்கர் சத்தம் தாங்க முடியாமல் மண்டபத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன், காதில் எப்போதும் 'ங்' என்று ஒரு சத்தம், வயசாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே எழுதியிருந்தாய். அந்த வரியை நான் பலமுறை படித்துவிட்டேன். குண்டு வெடித்தபோது நீயும் அவனுக்கு அடுத்த வண்டியில்தானே இருந்தாய். வயசு என்று விட்டுவிடாதே. திருநெல்வேலியில் ஈ.சி.எச்.எஸ்.ஸில் பழைய கதை முழுவதையும் சொல்லி, காதையும் தலையையும் பார்க்கச் சொல். டாக்டர் கேட்காவிட்டாலும் வெடிப்பைப் பற்றி நீயே சொல். தங்கச்சியையும் கூட அழைத்துப் போ. நீ சொல்லாமல் விடுவதை அவள் சொல்லுவாள்.

வாக்குமூலத்தைப் பொங்கலுக்கு முன்னால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடு, வக்கீல் ஜனவரி கடைசியில் மனுவைப் போட வேண்டும் என்கிறார். முடிந்தால் நேரிலேயே கொண்டு வா. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி பஸ் ஏறு, நான் ஸ்டாண்டில் நிற்பேன். அவன் வீட்டுக்குக் காலையில் போவோம், மதியத்துக்கு மேல் அவனுக்குத் தலை தாங்காது. அவன் பேச்சை முடிக்கும் வரை நடுவில் புகுந்து நாம் வார்த்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது, அது அவனுக்குப் பிடிப்பதில்லை. நேரமானாலும் அவனே சொல்லி முடித்துவிடுகிறான். கம்பளிச் சட்டையும் மங்கி கேப்பும் மறக்காதே, தங்கச்சியிடம் சொல்லி எடுத்து வைக்கச் சொல்.

அன்புடன்,
உன் பாரக் தோழன்