டைப்-சி போர்ட் எல்லாம் ஒன்றல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

லேப்டாப்பில் டைப்-சி போர்ட் இருந்தாலே மானிட்டரில் படம் வந்துவிடும் என்று நம்பிப் பலர் கேபிள் வாங்கிவிடுகிறார்கள், ஆனால் சில போர்ட்டுகள் சார்ஜுக்கும் ஃபைல் மாற்றவும் மட்டும்தான், டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு மாதிரி வீடியோ வசதி இருந்தால்தான் நேரடியாகப் படம் போகும், இதை அட்டைப்பெட்டி மேலேயே பெரிய எழுத்தில் போட்டால் கம்பெனிக்காரர்களுக்கு என்ன குறைந்துவிடும்? எச்டிஎம்ஐ-யிலும் இதே கதைதான். அதன் 1.4 பதிப்பு என்றால் 4கே தெளிவில் 30 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 30 முறைதான் படம் மாறும், மவுஸ் அம்பு தத்தித் தத்திப் போகும். 60 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் லேப்டாப், கேபிள், மானிட்டர் மூன்றுமே அதற்கு ஈடுகொடுக்க வேண்டும்.

சரி, எல்லாம் இருந்தும் திரை கறுப்பாகவே நிற்கிறதா? மானிட்டரின் இன்புட், கேபிள் செருகிய போர்ட்டில்தான் இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் விண்டோஸ் விசையோடு பி-யை அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ (இரண்டு திரையையும் ஒரே நீண்ட திரையாக்குவது) கொடுங்கள். மேஜையில் எந்தத் திரை எந்தப் பக்கமோ அப்படியே செட்டிங்ஸிலும் இழுத்து வையுங்கள், இல்லாவிட்டால் மவுஸ் தப்பான ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்